வாங்குவது ஒரு நாள், வளர்ப்பது இருபது ஆண்டு

ஆடி மாதத்தில் ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் திருவிழாவை ஒட்டிக் கூடும் கால்நடைச் சந்தையில், கொட்டகை நிழலில் வரிசையாகக் கட்டப்பட்டு நிற்கும் குதிரைகளைச் சுற்றிக் காலை முதல் இருட்டும் வரை கூட்டம் கலைவதேயில்லை. காது நுனிகள் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடும் மார்வாரி, அதன் நெருங்கிய உறவான கத்தியவாரி, தோளுயரம்கூட வராத மட்டக் குதிரை எனப் பல வகைகள் அங்கே நிற்க, மேளத்துக்கு முன்னங்காலை உயர்த்தி ஆடும் நாட்டியக் குதிரையைப் படம்பிடிக்கக் கைப்பேசிகள் உயர்கின்றன. வாங்க வந்தவர்கள் நிறத்தைப் பார்க்கின்றனர், உயரத்தை அளக்கின்றனர், நெற்றியிலும் கழுத்திலும் மயிர்ச் சுழி எங்கே விழுந்திருக்கிறது என்று விரல் வைத்துப் பார்க்கின்றனர். வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பவர் சிலரே. காலை மடக்கித் தூக்கிக் குளம்பின் அடியைப் பார்ப்பவர் அவர்களிலும் சிலர்.

இந்தியாவில் குதிரைகளின் எண்ணிக்கை வேகமாகக் குறைந்துவருகிறது. 2012ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 6.25 லட்சமாக இருந்த குதிரைகளும் மட்டக் குதிரைகளும் 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 3.4 லட்சமாகச் சுருங்கின. குறைந்தவற்றில் பெரும்பகுதி வண்டி இழுத்தும் சுமை சுமந்தும் வாழ்ந்த குதிரைகள். அவற்றோடு, தலைமுறை தலைமுறையாகக் குதிரையின் உடலை அறிந்திருந்த வண்டிக்காரர்களும் லாடக்காரர்களும் தொழிலை விட்டுப் போகின்றனர். இன்று புதிதாகக் குதிரை வாங்குபவர் பெரும்பாலும் ஆசைக்காகவோ பந்தயத்துக்காகவோ திருமண ஊர்வல வாடகைக்காகவோ வாங்குபவர். பணமும் பாசமும் அவரிடம் இருக்கக்கூடும். ஆனால் குதிரையின் வயிறும் குளம்பும் எப்படி இயங்குகின்றன என்பதைச் சொல்லித்தரும் ஆள் அவருக்குப் பக்கத்தில் இல்லை. பராமரிப்பில் ஏற்படும் கேடுகளுக்குக் கஞ்சத்தனத்தைவிட இந்த அறிவுக் குறைவே பெரிய காரணம்.

பாண்டிய நாட்டு லாயங்களில் நடந்தது

இந்தக் குறைபாடு தமிழ் நிலத்துக்குப் புதிதன்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கடற்கரையைப் பற்றி எழுதிய வெனிஸ் நகரப் பயணி மார்க்கோ போலோ, அரபு நாடுகளிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் கப்பலில் வந்து இறங்கியதையும், ஆண்டு முடிவதற்குள் அவற்றில் நூறுகூட மிஞ்சாததையும் பதிவு செய்தார். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். அவர் காட்டிய காரணங்கள் இன்றைய கால்நடை மருத்துவத்தோடு பொருந்துகின்றன. சோற்றோடு வேகவைத்த இறைச்சியைக் குதிரைகளுக்குக் கொடுத்தனர் என்றும், அவற்றைப் பேணத் தெரிந்தவர் நாட்டில் இல்லை என்றும், குதிரை விற்ற வணிகர்களே லாடம் அடிக்கத் தெரிந்தவர்களை அங்கே வரவிடாமல் பார்த்துக்கொண்டனர் என்றும் அவர் எழுதினார். அதே காலத்தையொட்டி எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், வறுத்த வாற்கோதுமையையும் நெய்யில் சமைத்த தானியத்தையும் தின்னக் கொடுத்து, காய்ச்சிய பசும்பாலைக் குடிக்கக் கொடுத்து, கொழுப்பதற்காக நாற்பது நாள் லாயத்தில் முளையடித்துக் கட்டிவைத்து, பிறகு எந்தப் பயிற்சியும் இல்லாமல் ஏறி ஓட்டினர் என்கிறார்.

நெய்யும் பாலும் அன்றைய செல்வத்தின் உச்சம். தன்னிடம் இருந்ததில் சிறந்ததையே அரசு தன் குதிரைக்குக் கொடுத்தது. இழப்பு தீவனக் குறைவால் வந்ததன்று. குதிரையை மனிதனுக்குரிய விருந்தால் வளர்த்ததாலும், நடக்கவிடாமல் கட்டிவைத்ததாலும் வந்தது. முட்டையும் நெய்யும் பாதாமும் ஊட்டி, நாளுக்கு இருபத்து மூன்று மணி நேரம் கட்டுத்தறியில் நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமை தார்ச்சாலையில் விரட்டும் இன்றைய வழக்கம் அதன் நேரடித் தொடர்ச்சியாகும்.

இடைவிடாது மேயும் வயிறு

குதிரை புல் தின்னும் விலங்கு என்றாலும் மாட்டைப் போல அசைபோடும் விலங்கன்று. மாட்டுக்குப் பெரிய முன்வயிறு உண்டு. குதிரையின் இரைப்பையோ உடலளவுக்குப் பொருந்தாத வகையில் சிறியது, 8 முதல் 15 லிட்டர் மட்டுமே கொள்ளும். திறந்த வெளியில் விடப்பட்ட குதிரை ஒரு நாளில் 14 முதல் 16 மணி நேரம் சிறிது சிறிதாக மேய்வதற்கேற்ப, அதன் இரைப்பை உணவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓயாமல் அமிலத்தைச் சுரக்கிறது. மெல்லும்போது மட்டுமே ஊறும் எச்சில் அந்த அமிலத்தின் கடுமையைத் தணிக்கும். காலையில் ஒரு வேளை, மாலையில் ஒரு வேளை என மனிதரின் வசதிக்கேற்பத் தீவனம் வைக்கும்போது, இடைப்பட்ட நீண்ட நேரத்தில் வெறும் இரைப்பையில் அமிலம் தேங்கிப் புண் உண்டாகிறது. கட்டையைக் கடிப்பதும், கடித்தபடியே காற்றை உள்ளிழுப்பதும், நின்ற இடத்திலேயே இடமும் வலமும் ஆடுவதும் கெட்ட குணங்கள் எனப் பேசப்படுகின்றன. நார்த்தீவனமும் நடமாட்டமும் துணையும் கிடைக்காத குதிரைகளிடமே அவை பெரும்பாலும் தோன்றுகின்றன.

நாரைச் செரிக்கும் வேலை குடலின் பின்பகுதியில், பெருங்குடல் வாயிலும் பெருங்குடலிலும் வாழும் நுண்ணுயிர்களால் நடைபெறுகிறது. தானியத்தின் மாவுச்சத்து சிறுகுடலிலேயே செரிக்கப்பட வேண்டியது. ஒரே வேளையில் அளவுக்கு மீறித் தானியம் சென்றால், செரிக்காத மாவு பின்குடலை அடைந்து விரைவாகப் புளிக்கிறது, அமிலம் பெருகுகிறது, நார் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடிந்து நச்சுப் பொருள்களை வெளியிடுகின்றன. அதன் விளைவு வயிற்றில் கடும் வலியாக வெளிப்படலாம். அல்லது குளம்புக்குள் எலும்பைத் தாங்கிப் பிடிக்கும் மெல்லிய திசு வீங்கிக் கிழியும் லாமினைட்டிஸ் என்னும் நோயாக, உணவு வயிற்றுக்குள் போன சில நாள்களில் காலில் வெளிப்படலாம். கால் நொண்டும் குதிரைக்கு முதலில் தீவனத் தொட்டியைச் சோதிக்க வேண்டும் என்று மருத்துவர்கள் கூறுவதன் காரணம் இதுவே.

ஆகவே குதிரையின் அன்றாட உணவில் முதன்மையிடம் நார்த்தீவனத்துக்கு உரியது. உடல் எடையில் 1.5 முதல் 2 விழுக்காடு வரை, ஈரம் நீக்கிக் கணக்கிட்ட புல்லும் காய்ந்த தீவனமும் நாள்தோறும் தேவை. 350 கிலோ எடையுள்ள ஒரு மார்வாரிக்கு 2 விழுக்காடு என்பது 7 கிலோ உலர்தீவனம். பசும்புல்லில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் நீராகையால், முழுவதையும் பசும்புல்லாகவே கொடுப்பதானால் ஏறத்தாழ 30 கிலோ வெட்ட வேண்டும். ஆண்டுக்கு இரண்டரை டன் உலர்தீவனம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு, குதிரையின் விலையைப் பேசுவதற்கு முன்பே விடை இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டுத் தீவனத்தின் நன்மையும் ஆபத்தும்

வெளிநாட்டு நூல்கள் திமோத்தி புல்லையும் ஓட்ஸையும் பற்றிப் பேசுகின்றன. இங்கே கிடைப்பவை வேறு. அருகம்புல் குதிரை விரும்பித் தின்னும் நல்ல புல். கொள்ளு புரதம் மிகுந்தது; பச்சையாகக் கொடுத்தால் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் அதில் இருப்பதால் ஊறவைத்து வேகவைத்துக் கொடுக்கும் மரபு அறிவியலுக்கு உகந்ததே. எனினும் அது துணையுணவு. உழைப்பில்லாத குதிரைக்கு வாளி வாளியாக வைக்க வேண்டியதன்று.

அதிகம் பேசப்படாத ஆபத்து கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லில் உள்ளது. கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ-4 போன்ற இரகங்கள் கறவை மாடு வளர்ப்போருக்குப் பெரும் உதவியாக அமைந்தவை. இந்த வகைப் புற்களில் ஆக்சலேட் என்னும் பொருள் மிகுதி. அது புல்லிலுள்ள சுண்ணாம்புச் சத்தைப் பிணைத்து உடலில் சேரவிடாமல் தடுக்கிறது. மாட்டின் முன்வயிற்று நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடும்; குதிரைக்கு அந்த வாய்ப்பு இல்லை. பல மாதங்கள் இப்புல்லை மட்டுமே தின்னும் குதிரையின் உடல் தன் எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுத்துக்கொள்ள, முகத்தெலும்பு வீங்கித் தலை பருத்துத் தோன்றும், நடை விறைக்கும், எலும்பு எளிதில் முறியும். தவிட்டை அள்ளிக் கொடுப்பதாலும் இதே கேடு நேரும், ஏனெனில் தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்பு மிகக் குறைவு. இரண்டையும் சேர்த்துக் கொடுப்பவர் நோயை இருபுறமிருந்தும் அழைக்கிறார். சுண்ணாம்புச் சத்து நிறைந்த குதிரை மசாலை நாள்தோறும் கலப்பதும், புல்வகையை மாற்றுவதும், மருத்துவர் குறிக்கும் தாது உப்பைச் சேர்ப்பதும் இதற்குரிய தடுப்பு.

பச்சைச் சோளத் தட்டை நீண்ட நாள் மேயும் குதிரைகளுக்குப் பின்னங்கால் தள்ளாட்டமும் சிறுநீர்ப்பை அழற்சியும் வருவதுண்டு. நன்றாகக் காய்ந்த தட்டில் இந்த ஆபத்து மிகக் குறைவு. எல்லாவற்றிலும் கொடியது கோழித் தீவனம். கோழிகளுக்கு வரும் இரத்தக்கழிச்சலைத் தடுக்கச் சேர்க்கப்படும் மோனன்சின் என்ற மருந்து குதிரையின் இதயத் தசையைச் சிதைப்பது. உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 2 அல்லது 3 மில்லிகிராம் அளவே உயிரைப் பறிக்கப் போதுமானது. கோழித் தீவன மூட்டையும் குதிரைத் தீவன மூட்டையும் ஒரே அறையில் இருக்கலாகாது. மாட்டுக் கலப்புத் தீவனத்திலும் இம்மருந்து சேர்க்கப்பட்டிருக்கலாம் என்பதால், உறையில் அச்சிடப்பட்ட சேர்மானங்களைப் படிக்காமல் ஒரு பிடிகூட வைக்கக் கூடாது.

பெட்டிச் செய்தி: நலமான குதிரையின் அளவுகள்
ஓய்வில் இருக்கும் வளர்ந்த குதிரையின் உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ். நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44. மூச்சு நிமிடத்துக்கு 8 முதல் 16. நாடியைத் தாடையெலும்பின் கீழ்விளிம்பில் ஓடும் இரத்தக் குழாயில் விரல் வைத்து அறியலாம். ஈறு இளஞ்சிவப்பாகவும் ஈரமாகவும் இருக்க வேண்டும். நாளொன்றுக்கு 25 முதல் 50 லிட்டர் தண்ணீர் தேவை. கோடையிலும் உழைப்பு மிகுந்த நாளிலும் இதைவிடக் கூடும். தன் குதிரையின் இயல்பான அளவுகளை நலமாக இருக்கும் நாள்களிலேயே எழுதிவைத்துள்ளவரால்தான் நோயின் தொடக்கத்தை உணர முடியும்.

வயிற்று வலி வந்த இரவு

குதிரைகளின் உயிரை எடுக்கும் காரணங்களில் முன்வரிசையில் நிற்பது வயிற்று வலி. மருத்துவர்கள் கோலிக் என்று குறிப்பிடும் இது தனி நோயன்று. வாயு அடைப்பு, மணல் சேர்தல், சாணம் இறுகுதல், குடல் முறுக்கிக்கொள்ளுதல் எனப் பல நிலைகளின் பொது அடையாளம். குதிரையால் வாந்தி எடுக்க இயலாது என்பதால் இரைப்பையில் தேங்கியது வெளியேற வழியில்லை. அது வெடிக்கவும் நேரும். தீவனத்தை மறுத்தல், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தல், முன்காலால் தரையைத் தோண்டுதல், படுத்து எழுந்து புரளுதல், வியர்த்தல், சாணம் போடாதிருத்தல் ஆகியவை இதன் குறிகள். நாடி நிமிடத்துக்கு 60ஐத் தாண்டினால் ஒவ்வொரு மணி நேரமும் விலைமதிப்பற்றது.

இத்தகைய நேரத்தில் தீவனத்தை உடனே அகற்றி, மருத்துவரை அழைத்து, நாடியையும் கடைசியாகச் சாணம் போட்ட நேரத்தையும் சொல்லி, அவர் வரும்வரை குதிரை ஒத்துழைத்தால் மெல்ல நடத்தலாம். மூங்கில் குழாயாலோ பாட்டிலாலோ எண்ணெயையும் கசாயத்தையும் வாயில் ஊற்றும் பழக்கம் மட்டும் கட்டாயம் கைவிடப்பட வேண்டியது. தலையை மேலே தூக்கிப் பிடித்து ஊற்றப்படும் எண்ணெய் மூச்சுக்குழல் வழியே நுரையீரலுக்குள் இறங்கினால், வயிற்று வலியிலிருந்து தப்பிய குதிரை சில நாள்களில் நுரையீரல் அழற்சியால் இறக்கும். மருத்துவர் எண்ணெய் கொடுப்பது மூக்கு வழியாக இரைப்பை வரை செலுத்தும் குழாயில்தான். வலிநிவாரணி ஊசியைத் தாமே போட்டுவிடுவதும் தீங்கானது. வலி மறைந்திருக்கும் இடைவெளியில் குடல் அழுகிக்கொண்டிருக்கும்.

வேளைகளைக் கூட்டி அளவைக் குறைப்பது, புதிய தீவனத்தை ஏழு முதல் பத்து நாளில் சிறிது சிறிதாக மாற்றுவது, மண் தரையில் தீவனத்தைக் கொட்டாமல் இருப்பது, ஆண்டுக்கு ஒரு முறையாவது பல்லைச் சோதிப்பது ஆகியவை வலி வராமல் காப்பவை. குதிரையின் கடைவாய்ப் பற்கள் ஆண்டுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வளர்ந்து, மெல்லும்போது தேய்ந்துகொண்டே இருப்பவை. தேய்மானம் ஒழுங்கற்றுப் போனால் ஓரங்கள் கூர்மையாகிக் கன்னத்தைக் கிழிக்கும். தின்னும்போது உருண்டை உருண்டையாகப் புல்லைத் துப்பும் குதிரைக்கும், கடிவாளம் பட்டதும் தலையை உதறும் குதிரைக்கும் அரத்தால் பல்லைச் சீராக்கும் மருத்துவரே முதல் தேவை.

குளம்பு

குதிரை ஒவ்வொரு காலிலும் ஒற்றை விரலின் நகத்தின் மீது நின்று தன் முழு எடையையும் தாங்குகிறது. அந்த நகம், அதாவது குளம்பு, மாதத்துக்குச் சற்றேறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வரை வளர்வதால், ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை சீவப்பட வேண்டும். இப்போது பல ஊர்களில் பிளவுபட்ட குளம்புடைய மாட்டுக்கு லாடம் அடிப்பவரே குதிரைக்கும் அடிக்கிறார். இரண்டின் அமைப்பும் வேறு. ஆணி சில மில்லிமீட்டர் உள்ளே போனால் உயிருள்ள திசுவைத் துளைத்துச் சீழ் கட்டும். மண்ணிலும் புல்லிலும் மெதுவாக நடக்கும் குதிரைக்கு லாடமே தேவைப்படாமல் போகலாம், தார்ச்சாலையில் உழைக்கும் குதிரைக்கு அது தேவைப்படும். எதுவாயினும் சீவுதலைத் தவிர்க்க முடியாது.

நாள்தோறும் குளம்பின் அடியைக் கொக்கியால் சுத்தம் செய்வது சில நிமிட வேலை. சாணமும் மூத்திரமும் தேங்கிய தரையில் நிற்கும் குதிரையின் குளம்படியில், ரப்பர் போன்று நெகிழும் முக்கோணப் பகுதியை ஒட்டிய பள்ளங்கள் அழுகிக் கரிய நீர் கசிந்து துர்நாற்றம் வீசும். அடியில் ஆணி குத்தினால் இன்னோர் ஆபத்து உண்டு: வீட்டு விலங்குகளில் டெட்டனஸ் என்னும் விறைப்பு நோய்க்கு மிக எளிதில் இரையாவது குதிரை. மலிவான தடுப்பூசி இருக்கும்போது அதனால் ஒரு குதிரை சாவது ஏற்க முடியாதது. வெறிநாய்க்கடி நோய்க்கும் குதிரைக் காய்ச்சலுக்கும் தடுப்பூசிகள் உண்டு. ஈக்கள் பரப்பும் சுர்ரா என்ற ஒட்டுண்ணி நோய்க்குத் தடுப்பூசி இல்லை. விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் மெலிவும் கால்வீக்கமும் கண்டால் இரத்தச் சோதனை வேண்டும். கிளாண்டர்ஸ் என்னும் நோய் மனிதருக்கும் தொற்றும் என்பதால், தொற்று உறுதியான குதிரை சட்டப்படி கருணைக்கொலை செய்யப்படும். அரியானா மாநிலம் ஹிசாரிலுள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் இதற்கான சோதனையைச் செய்கிறது. வெளிமாநிலத்திலிருந்து குதிரை வாங்குபவர் இந்தச் சோதனைச் சான்றைக் கேட்டுப் பெற்ற பிறகே பணத்தைக் கொடுக்க வேண்டும்.

பழக்குதலும் ஏறுதலும்

குதிரை இரையாகும் விலங்கு. ஓடித் தப்பிப்பதே அதன் இயல்பு. கண்கள் பக்கவாட்டில் அமைந்திருப்பதால் சுற்றிலும் ஏறத்தாழ 350 பாகை பார்க்க முடிகிறது, ஆனால் நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் அதற்குத் தெரிவதில்லை. பின்புறமாக ஓசையின்றி வருபவரை அது உதைப்பது அச்சத்தின் செயல். பழக்குதலின் அடிப்படை எளிது: கயிற்றாலோ காலாலோ மெல்லிய அழுத்தம் தரப்படுகிறது, குதிரை கேட்ட திசையில் ஓரடி நகர்ந்த கணத்திலேயே அழுத்தம் விலக்கப்படுகிறது. அந்த விடுதலையிலிருந்தே அது கற்கிறது. சொன்னதைச் செய்த பிறகும் கடிவாளத்தை இழுத்துக்கொண்டே இருப்பவர், செய்தாலும் செய்யாவிட்டாலும் வலி ஒன்றே என்று கற்பிக்கிறார். சினத்தோடு ஒருபோதும் குதிரையை அணுகலாகாது என்பதைக் கிரேக்க எழுத்தாளர் செனபோன் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே தம் குதிரையேற்ற நூலில் வலியுறுத்தினார்.

மூன்று வயது நிறையாத குட்டியின் முதுகில் ஏறுவது தமிழ்நாட்டில் அடிக்கடி காணப்படும் தவறு. உயரம் நிறைந்துவிட்டதால் எலும்பு முற்றிவிட்டது என்று எண்ணப்படுகிறது. முதுகெலும்பின் வளர்ச்சித் தட்டுகள் முழுமையாக மூட ஐந்தரை வயதுக்கு மேலாகும். மூன்றரை அல்லது நான்கு வயதில் குறைந்த நேரச் சவாரியோடு தொடங்குவது நல்லது. சவாரி செய்பவரும் சேணமும் சேர்ந்த எடை குதிரையின் எடையில் 20 விழுக்காட்டைத் தாண்டலாகாது. 350 கிலோ குதிரைக்கு அது 70 கிலோ. வளர்ந்த ஆண் ஒருவர் மட்டக் குதிரை மீது அமர்ந்து படம் எடுத்துக்கொள்வது அந்த விலங்கின் முதுகைச் செலவிட்டு எடுக்கும் படம்.

தமிழ்நாட்டுக் கோடையில் காலை எட்டு மணிக்குள் சவாரி முடிவது நலம். குதிரையின் வியர்வை உப்பு மிகுந்தது. நீரோடு உப்பும் போவதால் தாகம் எடுக்க வேண்டிய நேரத்தில் எடுக்காமல் போகலாம். தனி உப்புக்கட்டி லாயத்தில் எப்போதும் இருக்க வேண்டும். சூடேறிய குதிரை மீது குளிர்ந்த நீரை ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை, 1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக் போட்டியை ஒட்டி நடந்த வெப்ப ஆய்வுகளில் தவறெனத் தெளிந்தது. உடலெங்கும் தொடர்ந்து ஊற்றுவதே விரைவாகக் காப்பாற்றும் வழி. வெயிலிலும் வியர்க்காமல் மூச்சு மட்டும் வாங்கும் குதிரைக்கு வியர்வை நின்றுபோகும் நோய் இருக்கலாம். அதை அன்று வேலை வாங்குவது கொலைக்கு ஒப்பாகும்.

பெட்டிச் செய்தி: சட்டம் சொல்வது
விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960இல் இயற்றப்பட்டது. அதன் கீழ் 1965இல் வந்த வண்டி, சுமை விலங்குகளுக்கான விதிகளின்படி, ஒரு விலங்கை நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேலோ, ஓய்வின்றி ஐந்து மணி நேரத்துக்கு மேலோ வேலை வாங்கக் கூடாது. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் நண்பகல் 12 முதல் 3 மணி வரை வேலை கூடாது. முள் பதித்த கடிவாளக் கம்பி முற்றிலும் தடை செய்யப்பட்டது. அதை மாட்டுபவரும் மாட்டவிடும் உரிமையாளரும் சட்டத்தை மீறுகின்றனர்.

விற்றபின் எங்கே போகிறது?

நன்கு பேணப்படும் குதிரை 25 முதல் 30 ஆண்டு வாழும். நான்கு வயதில் வாங்கப்படும் குதிரைக்கு இன்னும் இருபது ஆண்டுக்கு மேல் தீவனமும் லாடமும் மருந்தும் இடமும் துணையும் தேவை. அந்த இருபதில் முதுகில் ஏறத் தகுதியுள்ள ஆண்டுகள் ஒரு பகுதியே. ஆசை தணிந்ததும், கால் நொண்டியதும், வீடு மாறியதும் குதிரை கைமாறுகிறது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் விலை குறைகிறது, கவனிப்பும் குறைகிறது. உதகையிலும் கொடைக்கானலிலும் சாலையோரக் குப்பையில் இரை தேடும் குதிரைகள் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணிகள். குப்பையோடு விழுங்கும் நெகிழிப்பை குடலை அடைத்து அவற்றைக் கொல்கிறது.

இனப்பெருக்கத்துக்குத் திட்டமில்லாதவர் ஆண்குதிரையைக் காயடிப்பதற்குத் தயங்கக் கூடாது. காயடிக்காத ஆண்குதிரையை மற்றக் குதிரைகளோடு விட முடியாமல் வாழ்நாளெல்லாம் தனியே கட்டிவைப்பது, வீரத்தின் பெயரால் அதற்கு விதிக்கப்படும் சிறை. முதன்முதலாக வாங்குபவருக்கு எட்டு முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட, பழக்கம் முடிந்த, காயடித்த குதிரையோ அமைதியான பெட்டைக் குதிரையோ ஏற்றது. குட்டியை வாங்கித் தாமும் அதோடு சேர்ந்து கற்கலாம் என்பது இருவருக்கும் காயத்தில் முடியும்.

குதிரை வாங்க எண்ணுபவர் முதலில் ஒரு சவாரிப் பள்ளியில் ஓராண்டாவது சேர்ந்து, ஏறக் கற்பதோடு லாயத்தைக் கூட்டவும் குளம்பைச் சுத்தம் செய்யவும் நாடி பார்க்கவும் கற்றுக்கொள்ள வேண்டும். குதிரைக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவர் எத்தனை கிலோமீட்டருக்குள் இருக்கிறார், இரவில் வருவாரா, குதிரைக்கு லாடம் அடிக்கத் தெரிந்தவர் யார், நாள்தோறும் அவிழ்த்துவிட நிலம் உண்டா என்பவற்றை விசாரித்துவிட்டு, சென்னை, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் அருகிலுள்ளதன் தொடர்பை முன்கூட்டியே பெற்றிருக்க வேண்டும். விலை பேசும் நாளில், விற்பவருக்கு வேண்டியவராக இல்லாத மருத்துவர் ஒருவரை உடன் அழைத்துச் சென்று, குதிரையைக் கெட்டியான தரையில் நேராக ஓடவிட்டு, நான்கு குளம்புகளையும் தூக்கிப் பார்த்து, வாயையும் கண்ணையும் இதயத்தையும் சோதிக்க வேண்டும். இவற்றில் ஏதேனும் ஒன்றுக்கு வழியில்லாதவர் அந்த ஆண்டு சந்தையைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவதே குதிரைக்குச் செய்யும் நன்மையாகும்.